விண்டோஸ் 11-க்கு மாறியபின் நாஸ் பெட்டிக்கு பேக்கப் போகவில்லை, உதவுங்கள்

ஓலைக்கட்டு:

வணக்கம் நண்பர்களே. ஐந்து நாளாக முட்டி மோதிப் பார்த்துவிட்டு இங்கே வருகிறேன்.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டதால், கணினியை விண்டோஸ் 11 புரோவின் 24எச்2 பதிப்புக்கு அப்கிரேடு செய்தேன். அப்கிரேடு நல்லபடியாகவே முடிந்தது. ஃபைல் எதுவும் தொலையவில்லை. ஆனால் அன்று இரவிலிருந்து நாஸ் பெட்டிக்கு (வீட்டு நெட்வொர்க்கில் இருக்கும் ஃபைல் சேமிப்புப் பெட்டி) பேக்கப் போவது நின்றுவிட்டது.

பெட்டி ஒன்பது வருடப் பழசு. இரண்டு டிஸ்க், ரெய்டு 1 (இரண்டிலும் ஒரே பிரதி). அதில் 'பேக்கப்' என்று ஒரு ஷேர்டு ஃபோல்டர். வாங்கிய நாளிலிருந்து அதற்குப் பாஸ்வேர்டு கிடையாது, கிளிக் செய்தால் திறக்கும். தினமும் இரவு 2 மணிக்கு டாஸ்க் ஷெட்யூலர் வழியாக விண்டோஸின் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பி ஓடி, மிர்ரர் முறையில் நகலெடுக்கும். இப்போது அந்த ஃபோல்டரைத் திறந்தால், 'உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை, அடையாளம் காட்டாத விருந்தினர் அணுகலைத் தடுக்கிறது' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி வருகிறது. இது என் வீட்டுக் கணினி, எந்த நிறுவனத்தோடும் இணைக்கப்படவில்லை. கமாண்டு விண்டோவில் முயன்றால் பிழை எண் 1272.

ரவுட்டர், பெட்டி இரண்டையும் அணைத்துப் போட்டாயிற்று. பெட்டியின் ஐபி எண்ணான 192.168.1.20-க்குப் பிங் செய்தால் பதில் வருகிறது. பெட்டியின் நிர்வாகப் பக்கம் பிரௌசரில் திறக்கிறது. விண்டோஸ் 10 உள்ள பழைய லேப்டாப்பிலும் அதே ஃபோல்டர் திறக்கிறது. 'எஸ்எம்பி 1-ஐ (நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் நெறிமுறையின் பழைய பதிப்பு) ஆன் செய்தால் சரியாகிவிடும்' என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். செய்யலாமா?

அப்பா முப்பது வருடம் எழுதிய நாட்குறிப்புகளை நான் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன், 6,200 பக்கங்கள். மூலத்தாள்கள் பல இடங்களில் பொடிந்துவிட்டன. கணினியில் ஒரு பிரதி, நாஸில் ஒரு பிரதி, அவ்வளவுதான். அதனால்தான் இவ்வளவு பதறுகிறேன்.

வலைமுடிச்சு:

சகோ, முதலில் ஒன்று. ஒரு யுஎஸ்பி டிஸ்க்கை எடுத்து, அந்த 6,200 பக்கங்களை இன்று இரவே அதில் நகலெடுத்துவிட்டுக் கழற்றி வையுங்கள். மற்றதை நாளை நிதானமாகப் பார்க்கலாம். பேக்கப் நின்றுபோன நிலையில் செட்டிங்கை மாற்றி மாற்றிப் பார்ப்பதுதான் ஆபத்து. மிர்ரர் முறை இரண்டு பக்கத்தையும் ஒன்றுபோல ஆக்கிவிடும். தவறி வெறும் ஃபோல்டரை மூலமாகக் கொடுத்துவிட்டால் நாஸில் உள்ளதையும் துடைத்துவிடும். 2 மணி டாஸ்க்கையும் இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள்.

எஸ்எம்பி 1 வேண்டவே வேண்டாம். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை ரான்சம்வேர் நுழைந்தது அந்தப் பழைய நெறிமுறையின் ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டு இறுதியில் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து அது இயல்பாக நிறுவப்படுவதில்லை. அதோடு, உங்கள் பிரச்சினைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1272 என்றால் விருந்தினர் நுழைவு தடுக்கப்பட்டது என்று பொருள். கணினி பெட்டியைப் பார்க்கிறது, பேசுகிறது, பெட்டி 'பாஸ்வேர்டு இல்லாமலே வா' என்று சொன்னதும் பின்வாங்கிவிடுகிறது. செய்தியில் வரும் 'நிறுவனம்' என்ற சொல்லைப் பொருட்படுத்தாதீர்கள். வீட்டுக் கணினியிலும் அதே வாசகம்தான் வரும்.

லேப்டாப்பில் திறந்து இதில் ஏன் திறக்கவில்லை? 1709-லேயே எண்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் விருந்தினர் நுழைவை மூடிவிட்டார்கள். புரோ பதிப்புக்கு அது 24எச்2-இல்தான் வந்தது. அதே 24எச்2-இல் இன்னொன்றும் சேர்ந்து வந்தது: எஸ்எம்பி இணைப்பில் ஒவ்வொரு செய்தியும் கையொப்பத்தோடு வர வேண்டும். வழியில் யாரும் மாற்றவில்லை என்பதற்கு அந்தக் கையொப்பம்தான் சாட்சி. அதைப் போடும் சாவி, பாஸ்வேர்டு சரிபார்க்கப்படும்போதுதான் உருவாகிறது. விருந்தினருக்குப் பாஸ்வேர்டே இல்லை, ஆகவே சாவியும் இல்லை, கையொப்பமும் இல்லை. பாஸ்வேர்டு இல்லாத ஃபோல்டர் இரண்டு வாசலிலும் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

செய்ய வேண்டியது பெட்டியின் பக்கம். நிர்வாகப் பக்கத்தில் பேக்கப்புக்கென்றே ஒரு புதிய பயனரை உண்டாக்கி, நீளமான பாஸ்வேர்டு கொடுங்கள். 'பேக்கப்' ஃபோல்டரில் அவருக்கு மட்டும் எழுதும் உரிமை தந்து, விருந்தினர் அணுகலை மூடிவிடுங்கள். எஸ்எம்பி செட்டிங்கில் குறைந்தபட்சம் 2, அதிகபட்சம் 3 என்று வையுங்கள். பழைய பெட்டிகளில் அதிகபட்சமே 1 என்று கிடப்பது உண்டு. பெட்டியின் உள் மென்பொருளான ஃபர்ம்வேருக்கு அப்டேட் இருந்தால், யுஎஸ்பி நகல் முடிந்தபிறகு போடுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

சுருக்குவழி:

இவ்வளவு தூரம் போக வேண்டாமே. குரூப் பாலிசி எடிட்டரில் லான்மேன் வொர்க்ஸ்டேஷன் பகுதிக்குப் போய், பாதுகாப்பில்லாத விருந்தினர் நுழைவை அனுமதி என்று மாற்றுங்கள். கையொப்பம் கட்டாயம் என்பதையும் எடுத்துவிடுங்கள். எனக்கு இரண்டே நிமிடத்தில் திறந்துவிட்டது. வீட்டு நெட்வொர்க்தானே?

வலைமுடிச்சு:

திறக்கும் என்பது உண்மைதான். இரண்டையும் மாற்றினால்தான் திறக்கும் என்பதையும் சரியாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் அந்த மாற்றம் இந்த ஒரு பெட்டியோடு நிற்காது. அதன்பிறகு அந்தக் கணினி எந்த நெட்வொர்க்கில் போய் உட்கார்ந்தாலும், 'நான்தான் நாஸ்' என்று சொல்லும் எதையும் நம்பிவிடும். வீட்டுக்குள்ளேயே பாருங்கள்: விருந்தினருக்கு எழுதும் உரிமை உள்ள ஃபோல்டர் என்றால், யாருடைய லேப்டாப்பிலாவது ரான்சம்வேர் நுழைந்தால் அது பாஸ்வேர்டு கேட்காமலே பேக்கப்பையும் பூட்டிவிடும். அசல் பூட்டப்படும்போது கைகொடுக்கத்தான் பேக்கப் இருக்கிறது. இரண்டும் ஒரே நாளில் போகக் கூடாது.

பயனர் கணக்கே உண்டாக்க முடியாத பெட்டி என்றால், உள்ளே இருப்பதை வெளியே எடுக்க ஒரு மணி நேரம் அப்படித் திறந்துவிட்டு, உடனே மூடிவிடலாம். அதற்கு மேல் நான் போகமாட்டேன்.

ஓலைக்கட்டு:

யுஎஸ்பி நகல் நேற்றிரவே முடிந்தது. இரவு நிம்மதியாகத் தூங்கினேன், மிக்க நன்றி.

எஸ்எம்பி அதிகபட்சம் 2 என்றுதான் இருந்தது. 3 ஆக்கிவிட்டேன். புதிய பயனரையும் உண்டாக்கி, விருந்தினர் அணுகலை மூடினேன். இப்போது 1272 வரவில்லை, அதற்குப் பதிலாக 1219. ஒரே சர்வருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பயனர் பெயரில் இணைய முடியாது என்கிறது. நான் ஒரு பெயரைத்தான் கொடுக்கிறேன்.

நிழற்படி:

1219 வந்தால் நல்லது, கிட்ட வந்துவிட்டீர்கள். ஏற்கெனவே வேறொரு பெயரில் ஓர் இணைப்பு பின்னால் தொங்கிக்கொண்டிருக்கிறது. மேப் செய்த டிரைவ்களைத் துண்டியுங்கள். பிறகு கண்ட்ரோல் பேனலில் கிரெடன்ஷியல் மேனேஜரைத் திறந்து, விண்டோஸ் கிரெடன்ஷியல்ஸ் பகுதியில் பெட்டியின் பெயரிலோ ஐபி எண்ணிலோ இருக்கும் பழைய பதிவுகளை நீக்குங்கள். சைன் அவுட் செய்து திரும்ப வாருங்கள், இது முக்கியம்.

பாஸ்வேர்டு சரியாக இருந்தும் 1326 வந்தால், பயனர் பெயருக்கு முன்னால் பெட்டியின் பெயரைப் போட்டு நடுவில் ஒரு பின்சாய்கோடு இடுங்கள். இல்லாவிட்டால் சில சமயம் அது உங்கள் கணினியின் பயனர் என்று எடுத்துக்கொள்ளப்படும். கையொப்பம் செல்லாது என்று செய்தி வந்தால், பெட்டியின் எஸ்எம்பி செட்டிங்கில் கையொப்பம் அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஓலைக்கட்டு:

திறந்துவிட்டது! பழைய பதிவு ஒன்று ஐபி எண்ணின் பெயரில் ஒளிந்திருந்தது. அதை நீக்கிவிட்டுப் பெட்டியின் பெயரில் புதிதாகச் சேமித்தேன். இசட் டிரைவாக மேப் செய்தேன், எக்ஸ்ப்ளோரரில் ஃபைலை இழுத்துப் போட்டால் போகிறது. ஷெட்யூலரில் புதிய டாஸ்க்கும் போட்டேன், யாரும் லாகின் செய்யாவிட்டாலும் ஓடும்படி.

ஆனால் காலையில் பார்த்தால் ஒன்றுமே போகவில்லை. கையால் ஓட்டினால் போகிறது, 2 மணிக்கு மட்டும் போகவில்லை. எனக்கு இது புரியவே இல்லை.

நிழற்படி:

டாஸ்க்கில் எந்தப் பாதை கொடுத்தீர்கள்? பாஸ்வேர்டைச் சேமிக்காதே என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா?

ஓலைக்கட்டு:

இசட் டிரைவ்தான் கொடுத்தேன். ஆமாம், டிக் இருக்கிறது. விண்டோஸில் நுழையும் பின் எண்ணைக் கொடுத்தேன், ஏற்கவில்லை. அதனால்தான் டிக் செய்தேன்.

நிழற்படி:

இரண்டுமே காரணம்.

நீங்கள் லாகின் செய்யும்போது உங்கள் செஷனுக்காக மாட்டப்படுவதுதான் இசட். 2 மணிக்கு ஓடும் டாஸ்க்குக்குத் தனி செஷன், அங்கே இசட் என்று ஒன்று கிடையாது. அட்மின் உரிமையோடு திறக்கும் கமாண்டு விண்டோவிலும் மேப் செய்த டிரைவ் பல சமயம் தெரியாமல் போவது இதனால்தான். டிரைவ் எழுத்தை விட்டுவிட்டு முழுப் பாதையைக் கொடுங்கள்: இரண்டு பின்சாய்கோடு, பெட்டியின் பெயர், இன்னொரு பின்சாய்கோடு, ஃபோல்டர் பெயர். கிரெடன்ஷியலைப் பெட்டியின் பெயரில் சேமித்தீர்கள் அல்லவா, பாதையிலும் அதே பெயர்தான் வர வேண்டும். அங்கே பெயர், இங்கே ஐபி என்று இருந்தால் விண்டோஸுக்கு அவை வேறு வேறு சர்வர்.

அப்புறம் அந்த டிக். பாஸ்வேர்டைச் சேமிக்காத டாஸ்க், கணினிக்குள் இருப்பதை மட்டும்தான் தொட முடியும், நெட்வொர்க் பக்கம் போக முடியாது. டிக்கை எடுத்துவிட்டு, கேட்கும்போது கணக்கின் உண்மையான பாஸ்வேர்டைக் கொடுங்கள். பின் எண் அந்த இடத்தில் செல்லாது.

கையோடு கையாக ரோபோகாப்பியின் மறுமுயற்சி எண்ணிக்கையையும் பாருங்கள். நாம் எதுவும் சொல்லாவிட்டால், திறந்து கிடக்கும் ஒரு ஃபைலுக்காக அது 30 விநாடிக்கு ஒருமுறை பத்து லட்சம் தடவை முயலும். ஒரே ஃபைலில் மாட்டிக்கொண்டு இரவு முழுக்க நின்றுவிடும், ஷெட்யூலரில் பார்த்தால் 'ஓடிக்கொண்டிருக்கிறது' என்றே இருக்கும். மூன்று தடவை, பத்து விநாடி இடைவெளி என்று வையுங்கள். லாக் ஃபைலும் எழுதச் சொல்லுங்கள்.

ஓலைக்கட்டு:

மூன்றையும் மாற்றினேன். இன்று காலை டாஸ்க்கின் கடைசி முடிவு 1 என்று காட்டுகிறது. 0 என்றால்தானே வெற்றி? மறுபடியும் தோல்வியா?

வலைமுடிச்சு:

இல்லை சகோ, நல்ல செய்தி அது. ரோபோகாப்பியில் 0 என்றால் நகலெடுக்க எதுவும் இல்லை, 1 என்றால் ஃபைல்கள் நகலாயின. 7 வரை பயப்பட வேண்டாம். 8-ம் அதற்கு மேலும் வந்தால்தான் ஏதோ ஒன்று நகலாகவில்லை என்று பொருள். லாக்கின் அடியில் 'தோல்வி' என்ற பத்தியில் பூஜ்யம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு ஒரு வேலை பாக்கி. பழைய லேப்டாப்பிலிருந்து அந்தப் புதிய பயனராகப் பெட்டிக்குள் போய், நாட்குறிப்பில் சில பக்கங்களை லேப்டாப்புக்கு எடுத்துத் திறந்து பாருங்கள். பெயரையும் அளவையும் பார்த்தால் போதாது, படம் கண்ணில் தெரிய வேண்டும். கணினி இறந்த நாளில் நீங்கள் செய்யப்போவதை இன்றே ஒரு தடவை செய்து பார்ப்பதுதான் இது. பெட்டியில் ஃபைல்களின் முந்தைய நிலையைக் காத்து வைக்கும் ஸ்னாப்ஷாட் வசதி இருந்தால் ஆன் செய்யுங்கள். ரெய்டு 1 ஒரு டிஸ்க் செத்தால் காப்பாற்றும், தவறி அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் சேர்த்தே அழித்துவிடும்.

சுருக்குவழி:

இதைப் படித்துவிட்டு நேற்று என் கணினியில் அந்த இரண்டு செட்டிங்கையும் பழையபடி திருப்பிவிட்டு, பெட்டியில் பயனர் கணக்கு போட்டேன். கால் மணி நேரம்தான் ஆனது. நன்றி.

ஓலைக்கட்டு:

லாக்கில் தோல்வி பூஜ்யம். இரண்டு இரவுகள் தொடர்ந்து ஓடிவிட்டது.

லேப்டாப்பில் பன்னிரண்டு பக்கங்களை எடுத்துத் திறந்து பார்த்தேன், பதினொன்று நன்றாக வந்தன. ஒன்று பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாக இருந்தது. கணினியில் உள்ள அசல் ஃபைலைத் திறந்தேன், அதுவும் அப்படியே. அப்கிரேடால் வந்ததல்ல, ஸ்கேன் செய்த அன்றே பாதியில் நின்றுபோன ஃபைல், இத்தனை நாள் நான் கவனிக்கவில்லை. அந்த நோட்டு இன்னும் கையில் இருப்பதால் உடனே மறுபடி ஸ்கேன் செய்துவிட்டேன். நீங்கள் திறந்து பார்க்கச் சொல்லியிருக்காவிட்டால் தெரிந்தே இருக்காது. மீதி 6,188 பக்கங்களையும் நாளுக்கு நூறு என்று பார்க்கத் தொடங்கியிருக்கிறேன்.

என் பெட்டியில் ஸ்னாப்ஷாட் வசதி இல்லை. அதனால் யுஎஸ்பி டிஸ்க்கை மாதம் ஒருமுறை இணைத்து நகலெடுத்துவிட்டுக் கழற்றி வைக்கப்போகிறேன். இழையைத் 'தீர்ந்தது' என்று குறித்துவிட்டேன்.