பின் சக்கரத்தைப் பூட்ட லைன் லாக் போதுமா? ஹேண்ட்பிரேக் கட்டாயமா?

கொல்லிமலை ஜீப்:
என்னுடையது 2013 மாடல் மஹிந்திரா தார் ஜீப். சேற்றில் இறங்கி ஏறினாலே பின் டிரம்முக்குள் சகதி போய் லைனிங் தேய்ந்துகொண்டே இருந்தது. வெறுத்துப்போய் போன மாதம் பின்னாலும் டிஸ்க் மாற்றிவிட்டேன். ஓடும்போது பிரேக் அருமை. ஆனால் மாட்டிய காலிப்பரில் (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் கவ்வி) ஹேண்ட்பிரேக் கேபிள் பிடிக்க இடமே இல்லை. ஹேண்ட்பிரேக் லீவர் இப்போது சும்மா அழகுக்கு நிற்கிறது. பின் லைனில் லைன் லாக் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள்: பெடலை மிதித்துவிட்டு லீவரைத் தள்ளினால் வால்வு மூடி, பிரஷர் உள்ளேயே நின்றுவிடுமாம். சரிவில் நிறுத்தவும், விஞ்ச் (கம்பிவடம் சுற்றி இழுக்கும் உருளை) இழுக்கும்போது வண்டி நகராமல் இருக்கவும் அது போதுமா?

பட்டறைவாசி:
தாராளமாகப் போடுங்கள் தம்பி. ஒன்பது வருடமாக என் வண்டியில் இருக்கிறது. கேபிள் நீளும், துருப்பிடிக்கும், சேறு காய்ந்தால் இறுகிக்கொள்ளும்; இதில் அந்தத் தொல்லை எதுவும் இல்லை. கால் கொடுக்கும் முழு அழுத்தமும் அப்படியே டிஸ்க்கில் நிற்கும். கையால் இழுக்கும் லீவர் எந்தக் காலத்தில் அவ்வளவு பிடித்தது? பாறை ஏறுகிறவர்கள் எத்தனையோ பேர் இதைத்தான் வைத்திருக்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை:
அண்ணன் சொல்வதில் பாதியைத்தான் ஒப்புக்கொள்வேன். லைன் லாக் டிராக் ரேஸில் புழங்குகிற சாமான். முன் பிரேக்கைப் பிடித்து வைத்துக்கொண்டு பின் டயரைச் சுற்றவிட்டுச் சூடேற்றுவார்கள். சில நொடி வேலை, ஓட்டுநரும் சீட்டிலேயே இருப்பார். நிறுத்திவிட்டு இறங்கிப் போவது வேறு விஷயம்.

மலை இறங்கி வந்ததும் காலிப்பரும் அதிலிருக்கும் ஆயிலும் கொதித்துப் போயிருக்கும். அந்த நேரத்தில் பூட்டினால், ஆற ஆற ஆயில் சுருங்கும், பிரஷர் இறங்கும். சீல் ஓரத்தில் ஒரு சொட்டுக் கசிந்தாலும் அதே கதைதான். நீங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் வண்டி மெதுவாக நகர ஆரம்பித்திருக்கும்.

20% சரிவு என்றால் வெறும் 11 டிகிரிதான், கண்ணுக்குப் பெரிதாகவே தெரியாது. 1,500 கிலோ வண்டியை அந்தச் சரிவு ஏறத்தாழ 300 கிலோ விசையுடன் கீழே இழுக்கும். அமெரிக்காவின் வாகனப் பாதுகாப்பு விதியான எஃப்எம்விஎஸ்எஸ் 135 ஹேண்ட்பிரேக்கை அந்த 20% சரிவில் ஐந்து நிமிடம் நிறுத்தித்தான் சோதிக்கிறது. பிடித்த பிடி ஆயில் பிரஷரை நம்பாமல் முழுக்க மெக்கானிக்கலாக நிற்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஐ.நா.வின் 13ஆம் எண் பிரேக் விதியிலும் அதே நிபந்தனை உண்டு.

பட்டறைவாசி:
விதியெல்லாம் கம்பெனிக்காரனுக்கு. சரி, சூட்டுக் கதைக்கே வருகிறேன். ஹேண்ட்பிரேக் லீவர் வைத்த காலிப்பர் மட்டும் ஆறினால் சுருங்காதா? சூடான டிஸ்க்கில் ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்திய கார், ஆறியதும் தானாக உருண்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
அது நிஜம், மறுக்கவில்லை. அதனால்தான் சூடாக நிறுத்தினால் இன்னும் ஒரு பல் கூட இழுத்து, கியரிலும் போட்டுவிட்டு இறங்கச் சொல்கிறார்கள். ஆனால் கேபிளுக்குக் கொஞ்சமாவது விறைப்பு மிச்சம் இருக்கும், லேசாகச் சுருங்கினால் அது ஈடுகட்டும். திரவத்தில் அந்தக் கொடுப்பினை ரொம்பக் குறைவு. அப்புறம் இன்னொன்று: கால் பிரேக்குக்கு இருக்கும் அதே ஆயில், அதே குழாய்தான் லைன் லாக்குக்கும். பாறையில் உரசிப் பின் குழாய் அறுந்தால் இரண்டும் சேர்ந்தே போச்சு.

டிராக்டர்காரன்:
பூட்டுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறதே, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் டிராக்டரில் பின் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெடல். சேற்றுழவில் வரப்பு முனையில் ஒரு பக்கத்தை மட்டும் மிதித்தால் அந்தச் சக்கரம் அப்படியே நிற்கும், வண்டி அதைச் சுற்றித் திரும்பிவிடும். ரோட்டுக்கு வந்ததும் இரண்டு பெடலையும் கொக்கி போட்டு இணைத்துவிடுவோம். மறந்துவிட்டு ஒன்றை மட்டும் மிதித்தவன் வண்டியோடு பள்ளத்தில் கிடப்பான். ஜீப்புக்கும் இதே வேலைக்குக் கை லீவர் வருகிறது, கட்டிங் பிரேக் என்பார்கள். குறுகலான இடத்தில் திரும்ப நல்லது. நிறுத்திவைக்க அதுவும் ஆகாது.

கிழட்டு ஜீப்:
எங்கள் காலத்து வில்லிஸ், சிஜே3பி ஜீப்களில் ஹேண்ட்பிரேக் சக்கரத்திலேயே இருக்காது. முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் ஒரு சின்ன டிரம் இருக்கும், அது பின் அச்சுக்குப் போகும் பிராப்பல்லர் ஷாஃப்ட்டைப் பிடிக்கும். பின் அச்சிலிருக்கும் கிரவுன்–பினியன் பல்சக்கர விகிதம் கூடச் சேர்வதால் சின்ன டிரம்மே அழகாகப் பிடிக்கும். சேறும் அவ்வளவாக ஏறாது. தம்பி வண்டிக்கு அப்படி ஒன்று பொருத்த முடியுமா என்று யாராவது பாருங்கள்.

ஒரே ஒரு கண்டம். பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினால் பிரேக் இருந்தும் இல்லாத கணக்கு. இரண்டு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃப்ரென்ஷியல் வழியாக மேலே இருக்கும் சக்கரம் ஒரு பக்கம் சுற்றும், தரையில் இருப்பது மறுபக்கம் உருளும். பஞ்சர் ஒட்டும்போது ஒரு முறை என் வண்டி ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டது. அன்றிலிருந்து எதிர்ச் சக்கரத்துக்குக் கல் வைக்காமல் நட்டில் கை வைக்க மாட்டேன்.

கொல்லிமலை ஜீப்:
கிளீனர் கையில் கட்டையோடு ஓடுவது இதற்குத்தானா ஐயா! இன்னொரு சந்தேகம். இறக்கத்தில் பின்னால் மட்டும் இறுக்கிப் பிடித்தால் வண்டி நேராக இறங்கும் என்கிறான் ஒரு நண்பன்.

கணக்குப்பிள்ளை:
நண்பரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். இறக்கத்தில் எடை முன்னால் போய்விடும், பின் டயரில் பாரமே இருக்காது. அது பூட்டினால் வழுக்கும், வழுக்கினால் பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கும். சரளையில் நிறுத்தும்போதும் இதேதான்: மூக்கு கீழே பார்க்க நிறுத்தினால், பூட்டிய பின் டயரே சறுக்கிக்கொண்டு போகும். மூக்கை மேலே வைத்து நிறுத்துங்கள், பாரம் பின்னால் உட்காரும்.

தாரில் ஒரு வசதி. ஃபோர் வீலில் போட்டு, முன் ஹப்பும் (முன் சக்கரத்தை அச்சோடு இணைப்பது) பூட்டியிருந்தால், பின்னால் பிடித்த பிரேக் ஷாஃப்ட் வழியாக முன் சக்கரத்தையும் பிடிக்கும். விஞ்ச் இழுக்கும்போது அப்படிச் செய்யுங்கள். நீங்கள் சீட்டில் இருக்கும்வரை லைன் லாக் உங்கள் காலுக்கு ஓய்வு கொடுக்கும், அதற்கு நானும் எதிரியில்லை.

பட்டறைவாசி:
அப்படி வாருங்கள் வழிக்கு! நானும் இறங்கும்போது கியரில் போட்டு, கல் வைத்துத்தான் இறங்குவேன்.

கணக்குப்பிள்ளை:
அப்போது ஒன்பது வருடமாக வண்டியைப் பிடித்தது கல்லா, லைன் லாக்கா அண்ணே?

கொல்லிமலை ஜீப்:
இன்று பழைய காலிப்பரைக் கழற்றிவிட்டேன். டிஸ்க்கின் நடுவில் குடம்போல இருக்கும் பகுதிக்குள்ளேயே டிரம் பிரேக் போலச் சின்ன பிரேக் ஷூ உட்காரும் செட் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், கேபிள் அதற்கு வரும். லைன் லாக் விஞ்சுக்கு மட்டும். டிக்கியில் இரண்டு கட்டை போட்டாயிற்று. வண்டியின் மூல அமைப்பை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இடிக்கும் என்று பக்கத்து வீட்டு ஆர்டிஓ ஏஜென்ட் வேறு பயமுறுத்துகிறார். எஃப்சிக்கு முன்னால் அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.