1974 வெம்பிளி ஆட்டத்தை நேரில் பார்த்தவர்களைச் சந்தித்தோம்

ஈலிங் றோட்டில் கடையொன்றில் வேலை செய்கிறேன். லண்டனின் வெம்பிளி மைதானத்தில் பெரிய உதைபந்தாட்டம் நடக்கும் நாளில் எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. 2024 மே 26, பிரீமியர் லீக்கில் நுழைய லீட்ஸும் சவுத்தாம்ப்டனும் மோதிய நாள். லீட்ஸ் சால்வை போட்ட, அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் தண்ணீர்ப் போத்தல் வாங்க வந்தார். முதல் தடவையா வெம்பிளிக்கு என்று கேட்டேன். "1974இல் அப்பாவோடு வந்திருக்கிறேன். அப்போது எனக்குப் பதினொரு வயது" என்றார்.

உடனே விளங்கிவிட்டது. லிவர்பூலின் கெவின் கீகனும் லீட்ஸின் ப்ரெம்னரும் தங்களுக்குள் அடிபட்ட ஆட்டம்! கல்லாவைத் தம்பியிடம் விட்டுவிட்டு அவரோடு வாசலில் நின்று கதைத்தேன்.

லீக்கை வென்ற அணியும் எஃப்.ஏ. கிண்ணத்தை வென்ற அணியும் புதுப் பருவத்தின் தொடக்கத்தில் மோதுவதுதான் சாரிட்டி ஷீல்ட். இப்போது அதற்குக் கம்யூனிட்டி ஷீல்ட் என்று பெயர். 1908இல் தொடங்கிய இந்தப் போட்டியை 1974 ஆகஸ்ட் 10 அன்று வெம்பிளிக்குக் கொண்டுவந்தார்கள். லீட்ஸும் லிவர்பூலும் மோத, 67,000 பேர் வந்தார்கள். லீட்ஸை வளர்த்தெடுத்த முகாமையாளர் டொன் ரெவி இங்கிலாந்து அணிக்குப் போய்விட, அவருடைய இடத்துக்குப் பிரையன் கிளஃப் வந்திருந்தார். லீட்ஸின் ஆட்டமுறையைப் பல ஆண்டுகள் வெளிப்படையாகச் சாடியவர் அவர். அந்த மனக்கசப்போடுதான் வீரர்கள் இறங்கினார்கள்.

முதலில் லீட்ஸின் ஜொனி கைல்ஸ் கீகனை அடித்தார். பிறகு கீகனும் லீட்ஸ் தலைவர் பில்லி ப்ரெம்னரும் கைகலந்தார்கள். மத்தியஸ்தர் இருவரையும் வெளியேற்றினார். போகும்போது இருவருமே சட்டையைக் கழற்றி எறிந்தார்கள்.

"அடிதடி எனக்குப் பெரிதாக ஞாபகமில்லை. அந்தச் சட்டைதான்" என்றார் அவர். அவருடைய அம்மா ஒரு வெள்ளைச் சட்டையில் ப்ரெம்னரின் 4ஆம் இலக்கத்தைத் தைத்துக் கொடுத்திருந்தாராம். அதைப் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார். திரும்பிப் போகும் வழி முழுக்க அப்பா பேசவேயில்லை. வீட்டுக்குப் போனதும் இவர் சட்டையை அலுமாரியின் அடியில் ஒளித்துவைத்தார். காலையில் எழும்பிப் பார்த்தால், அப்பா அதை மடித்துக் கதிரையில் வைத்திருக்கிறார்.

இதைக் கேட்டதும் என் நெஞ்சு கனத்தது. எங்கள் பள்ளிக்கூட அணிக்கு இருந்தது ஒரே ஒரு தொகுதிச் சட்டைதான். ஆட்டம் முடிந்ததும் தோய்த்துக் காயவைத்துத் திருப்பிக் கொடுப்போம். அணியின் சட்டையை நிலத்தில் போடுவது எங்களால் நினைத்துப் பார்க்க முடியாத காரியம்.

லிவர்பூலுக்கு போர்ஸ்மாவும் லீட்ஸுக்குச் செரியும் கோல் போட, ஆட்டம் 1–1. பெனல்டியில் ஆளுக்கு ஐந்து. ஆறாவதை அடிக்க லீட்ஸ் கோல் காப்பாளர் ஹார்வியே வந்தார். பந்து மேல்கம்பத்தில் பட்டது. அடுத்து காலஹன் அடித்து லிவர்பூலுக்கு 6–5.

கீகனுக்கும் ப்ரெம்னருக்கும் 500 பவுண்ட் அபராதமும் செப்டம்பர் இறுதிவரை தடையும் கிடைத்தன. தொலைக்காட்சியில் நாடே பார்த்ததால்தான் இவ்வளவு கடுமை என்பது என் எண்ணம். ஆனால் அது தகும். கிளஃப் பதவிக்கு வந்து 44 நாட்களில் வெளியேற்றப்பட்டார்.

1974இல் தான் நின்ற இடத்தைக் காட்ட முடியவில்லையே என்று அவருக்குக் கவலை. இரட்டைக் கோபுரம் இருந்த பழைய மைதானத்தை இடித்துவிட்டுத்தானே இதைக் கட்டினார்கள். இந்த 2024 ஆட்டத்திலும் லீட்ஸ் 1–0 என்று தோற்றது. மாலையில் பலர் சால்வையைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்கள். அவர் கண்ணாடிக்கு வெளியே நின்று எனக்குக் கை காட்டினார். சால்வை கழுத்திலேயே கிடந்தது.

மறுமொழி:

அண்ணா, நான் லிவர்பூலில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறேன். எங்கள் ஐயா ஒருவரும் அந்த ஆட்டத்துக்குப் போனவர். சண்டையைப் பற்றி அவர் கதைப்பதேயில்லை. ஜூலையிலேயே பதவி விலகியிருந்த பில் ஷாங்க்லி, கடைசித் தடவையாக லிவர்பூல் அணியை வெம்பிளிக்குள் கூட்டிக்கொண்டு நடந்து வந்ததைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். கிட்டத்தட்ட 15 வருடம் அணியை நடத்திய மனிதர். "எங்களைப் பார்த்துத்தான் நடந்து வந்தார்" என்று சொல்லும்போது ஐயாவின் கை என் கையைப் பிடித்துக்கொள்ளும். நான் தேத்தண்ணியை ஆறவிட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பேன்.