எத்தனை ஏரியா தேர்வு செய்தாலும் ஒன்றுதான் பதிவாகிறது, உதவுங்கள்

குளிர்பெட்டி:
வணக்கம். சென்னையில் ஏசி சர்வீஸ் செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தின் இணையப் படிவம் என் கைக்கு வந்திருக்கிறது. முன்பு வேறொருவர் செய்து வைத்தது. மெக்கானிக்குகள் தாங்கள் எந்தெந்த ஏரியாவுக்குப் போவார்கள் என்று அதில் குறிக்க வேண்டும். சுமார் நாற்பது பெயர்கள், எல்லாம் அகர வரிசையில் ஒரே செலக்ட் பெட்டியில், ஒன்றுக்கு மேல் தேர்ந்தெடுக்க மல்டிபிள் போட்டு. சர்வரில் ஓடும் நிரல் பிஎச்பி, டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல்.

நங்கநல்லூர், மடிப்பாக்கம், வேளச்சேரி மூன்றும் தேர்ந்தெடுத்தவருக்கு டேட்டாபேஸில் வேளச்சேரி மட்டும்தான் இருக்கிறது. மொபைலில் போட்டாலும் அப்படித்தான். ஆபீஸில் போனில் கேட்டுப் பதியும் அக்கா வேறு, "ஒன்றைத் தொட்டால் மற்றதெல்லாம் போய்விடுகிறது தம்பி" என்கிறார். வெயில் ஏறிவிட்டது, அழைப்புகள் குவிகின்றன. எங்கே தப்பு?

பழைய பிஎச்பி:
இரண்டு தனித்தனிக் கோளாறு ஒன்றாகச் சேர்ந்து உங்களைக் குழப்புகிறது.

அக்கா சொல்வது செலக்ட் பெட்டியின் இயல்பு. கம்ப்யூட்டரில் கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டே கிளிக் செய்ய வேண்டும், மேக் என்றால் கமாண்ட் கீ. சும்மா கிளிக் செய்தால் அதற்கு முன் தேர்ந்தெடுத்த அத்தனையும் கலைந்துவிடும். பெட்டியைப் பார்த்தால் இது யாருக்கும் தெரியாது. ஆண்ட்ராய்டு குரோமில் டிக் போடுகிற பட்டியலாகத் திறப்பதால் மொபைலில் இந்தத் தொல்லை இல்லை.

மொபைலிலும் ஒன்றுதான் விழுகிறது என்றால் அது சர்வர் பக்கத்துக் கோளாறு. உங்கள் பெட்டியின் நேம் (கோடில் அதற்கு வைத்த பெயர்) வெறுமனே 'ஏரியா' என்று இருக்கும், பாருங்கள். பிரவுசர் மூன்றையும் ஒழுங்காக அனுப்புகிறது, ஆனால் ஒரே பெயரில் மூன்று மதிப்பு வந்தால் பிஎச்பி கடைசியை மட்டும் வைத்துக்கொள்ளும். பட்டியலில் கடைசியில் இருக்கிற வேளச்சேரி மட்டும் தப்பித்தது அதனால்தான். நேமுக்குப் பின்னால் சதுர அடைப்புக்குறியைத் திறந்து மூடுங்கள், 'ஏரியா[]' என்று. எல்லாம் வரிசையாக வந்துவிடும்.

குளிர்பெட்டி:
நன்றி அண்ணா. மாற்றினேன். இப்போது வேளச்சேரிக்குப் பதில் எல்லோருக்கும் 'அரே' என்ற சொல் பதிவாகிறது!

பழைய பிஎச்பி:
நல்லது, அப்படியானால் பட்டியல் சர்வருக்கு வந்து சேர்ந்துவிட்டது. அதை அப்படியே எழுத்தாக்கிச் சேமிக்கப் பார்த்தால் பிஎச்பி அந்தச் சொல்லைத்தான் எழுதும், பட்டியலுக்கு அதில் பெயர் அரே. இந்த இடத்தில் நிறைய பேர் பெயர்களைக் கமா போட்டு ஒட்டி டேபிளின் ஒரே காலத்தில் (நெடுவரிசையில்) போட்டுவிடுவார்கள். செய்யாதீர்கள். நாளைக்கு மாம்பலத்துக்கு ஆள் தேடினால் மேற்கு மாம்பலக்காரரும் வந்து நிற்பார். எண்ணாகப் போட்டாலும் அதே கதை, 1 என்று தேடினால் 11, 21 எல்லாம் வரும். மெக்கானிக் எண், ஏரியா எண் என்று இரண்டே காலம் உள்ள தனி டேபிள் வையுங்கள். ஓர் ஏரியாவுக்கு ஒரு வரி.

தேன்மொழி:
டேபிள் விஷயத்தை அண்ணன் சொல்லிவிட்டார். செலக்ட் பெட்டியை எடுத்துவிட்டு செக்பாக்ஸ் வையுங்கள். அக்காவுக்குக் கன்ட்ரோல் கீ பாடம் எடுப்பதைவிட இது சுலபம்.

ஸ்கிரிப்ட் பையன்:
நாற்பது செக்பாக்ஸா? பக்கம் நீண்டு தொங்குமே ப்ரோ. செலக்ட்2 மாதிரி ஒரு பிளகின் போட்டால் தட்டச்சு செய்து தேடலாம், தேர்ந்தெடுத்தது வில்லையாக மேலே நிற்கும்.

தேன்மொழி:
நூற்றுக்கணக்கில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன். இங்கே படிவத்தை நிரப்புகிறவர் ஒரு கையில் ஸ்பேனரோடு வெயிலில் நிற்கிற மெக்கானிக். தேடும் பெட்டியைத் தொட்டதும் கீபோர்டு எழும்பிப் பாதித் திரையை மூடும். அப்புறம் ஊர்ப் பெயரை அவர் அடிக்கிற எழுத்தும் நீங்கள் வைத்திருக்கிற எழுத்தும் ஒத்துப்போக வேண்டும்.

நீளத்துக்கு வழி, பிரித்துப் போடுவது. அகர வரிசை வேண்டாம், வண்டி போகிற பாதைப்படி பிரியுங்கள். ஓஎம்ஆர் பக்கம் என்று ஒரு தொகுதி: திருவான்மியூர், பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர். ஜிஎஸ்டி ரோடு: பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம். வடசென்னை: ராயபுரம், வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர். ஒவ்வொரு தொகுதியையும் சேர்த்துக் கட்ட ஒரு ஃபீல்டுசெட் டேக், தலைப்புக்கு லெஜெண்ட் டேக். திரையைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் வைத்திருப்பவருக்கும் எந்தத் தொகுதியில் நிற்கிறோம் என்று தெரியும். பெயரையும் பெட்டியையும் சேர்த்து லேபிளுக்குள் வையுங்கள், எழுத்தைத் தொட்டாலே டிக் விழும். வரிக்கு 44 பிக்சல் உயரம் இருந்தால் விரல் தவறாது.

'சென்னை முழுக்க' என்று ஒரு பெட்டி வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள். வேலை கிடைக்கும் என்று எல்லோரும் அதைத்தான் தட்டுவார்கள், எண்ணூருக்கு ஆள் அனுப்பும் நாளில்தான் தெரியும்.

குளிர்பெட்டி:
அருமை அக்கா. ஒன்றாவது தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த, ரிக்வயர்டு போட்டால் போதுமா?

தேன்மொழி:
போதாது. செக்பாக்ஸ் ஒவ்வொன்றிலும் போட்டால் நாற்பதையும் டிக் செய்யச் சொல்லி நிற்கும். 'குறைந்தது ஒன்று' என்பதை ஜாவாஸ்கிரிப்டில் எண்ணிப் பார்க்க வேண்டும். சர்வரிலும் பாருங்கள், அதுதான் முக்கியம்.

பழைய பிஎச்பி:
அதோடு, டிக் இல்லாத பெட்டியை பிரவுசர் அனுப்பவே அனுப்பாது. ஒன்றுமே தேர்ந்தெடுக்காமல் அனுப்பினால் 'ஏரியா' என்ற பெயரே சர்வருக்கு வராது, அதற்கும் ஒரு சோதனை போடுங்கள். திருத்தும் பக்கத்தில் அந்த மெக்கானிக்கின் பழைய வரிகளை அழித்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள், நடந்தால் இரண்டும் நடக்க, இல்லையேல் இரண்டும் நடக்காதபடி ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள்.

குளிர்பெட்டி:
சரி அண்ணா, செய்துவிடுகிறேன். இதுவரை பதிந்தவர்களின் விட்டுப்போன ஏரியாக்களை மீட்க வழி உண்டா?

பழைய பிஎச்பி:
படிவம் கெட் முறையில் போனதா, போஸ்ட்டா? கெட் என்றால் நிரப்பியதெல்லாம் பக்க முகவரியிலேயே ஒட்டிப் போகும், சர்வரின் ஆக்சஸ் லாகில் (வந்த கோரிக்கைகளின் பதிவேட்டில்) அந்த முழு முகவரியும் இருக்கும், மூன்று ஏரியாவையும் அதிலிருந்து பொறுக்கலாம்.

குளிர்பெட்டி:
போஸ்ட்.

பழைய பிஎச்பி:
அப்படியானால் போன் போட்டுக் கேட்பதுதான் வழி. முதலில் செக்பாக்ஸை ஏற்றிவிட்டு, அப்புறம் அக்காவிடம் பட்டியலைக் கொடுங்கள்.