குதிரைமசால் வரிசைகளைச் சேர்க்கத் தானே ஓடும் மெர்ஜர் வாங்கலாமா? (விஸ்கான்சின், 700 ஏக்கர்)

ஏரிக்கரை:

வணக்கம். விஸ்கான்சின் மாநிலத்தின் கிழக்கே, கிரீன் பே நகருக்குத் தெற்கில் உள்ள ஒரு பால்பண்ணையில் தீவனப் பிரிவைக் கவனித்து வருகிறேன். கறவையில் 1,400 மாடுகள் நிற்கின்றன. 700 ஏக்கரில் குதிரைமசால் என்னும் தீவனப்பயிர் இருக்கிறது. மே மாதக் கடைசியில் தொடங்கி செப்டம்பர் முதல் வாரத்துக்குள் நான்கு அறுப்பு எடுத்துவிடுவோம். காய்ந்த புல்லாகக் கட்டுவது குறைவு. பெரும்பகுதியை 60 முதல் 65 விழுக்காடு ஈரம் இருக்கும்போதே சாப்பர் என்னும் நறுக்கும் இயந்திரத்தில் நறுக்கி, பங்கர் என்னும் சுவர் கட்டிய தீவனக் கிடங்கில் கொட்டி, டிராக்டரால் மிதித்து, ஹேலேஜாக, அதாவது புளிக்கவைத்த தீவனமாக, மூடி வைக்கிறோம்.

அறுத்த பயிரை அகலமாகப் பரப்பி உலரவிட்ட பிறகு, அதைச் சாப்பருக்கு ஏற்ற வரிசையாகக் கூட்டுவதற்கு இப்போது சக்கர ரேக் எனப்படும் வாரும் கருவிகள் இரண்டைப் பயன்படுத்துகிறோம். இதில் இரண்டு தொல்லைகள். முதலாவது, ஆய்வகத்தில் இருந்து வரும் தீவன அறிக்கையில் சாம்பல் (எரித்த பிறகு மிஞ்சும் தாதுவும் மண்ணும்) அளவு 12 விழுக்காட்டுக்குக் கீழே இறங்குவதே இல்லை. இரண்டாவது, கல். இந்தப் பக்கத்து மண் பனியாறுகள் விட்டுச் சென்ற மண் என்பதால், குளிர்காலத்து உறைபனி ஒவ்வோர் ஆண்டும் புதுக்கற்களை மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறது. சென்ற ஆண்டு மூன்றாம் அறுப்பில் கைமுட்டி அளவுக் கல் ஒன்று வரிசைக்குள் உருண்டு வந்து சாப்பருக்குள் போய்விட்டது. எங்கள் சாப்பரில் இரும்பைக் கண்டால் நிறுத்தும் அமைப்பு மட்டுமே உண்டு. கல்லை அது கண்டுகொள்ளாது. ஆறு கத்திகளும் அவை உரசி வெட்டும் எஃகுப் பட்டையும் விளிம்பு பெயர்ந்து, நல்ல வெயிலில் அரை நாள் வீணாகிவிட்டது.

மாடிசன் நகரில் அக்டோபர் தோறும் நடக்கும் உலகப் பால்பண்ணைக் கண்காட்சிக்குப் போன எங்கள் முதலாளி, மூன்று தலை கொண்ட, டிராக்டர் இழுக்காமல் தானே ஓடும் மெர்ஜரை, அதாவது பயிரைத் தூக்கி வரிசையாகச் சேர்க்கும் வண்டியை, பார்த்துவிட்டு வந்ததில் இருந்து அதே நினைவாக இருக்கிறார். பழைய வண்டி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா, வேண்டாமா என்று என்னிடம் எழுத்தில் கருத்துக் கேட்டிருக்கிறார். ரேக்கை விட மெர்ஜர் மேலானது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது தானே ஓடும் வண்டியாக இருந்தே தீர வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. ஓட்டியவர்களும் கணக்குப் பார்த்தவர்களும் சொன்னால் உதவியாக இருக்கும்.

வண்டித்தடம்:

நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியில், வாடகைக்கு அறுவடை செய்யும் ஒரு குழுவில் ஆறு பருவங்கள் இந்த வண்டியை ஓட்டியிருக்கிறேன். இவ்வகை வண்டிகளுக்குப் பேர்போன ஆக்ஸ்போ நிறுவனம் அதே பகுதியில் பைரன் என்னும் சிற்றூரில்தான் இருக்கிறது. ஆகவே அங்கே இவை கண்ணில் படுவது சாதாரணம்.

முதலில் ரேக்குக்கும் மெர்ஜருக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் முதலாளிக்கு எழுதும்போது பயன்படும். சக்கர ரேக்குக்குத் தனி விசை கிடையாது. அதன் கம்பி விரல்கள் தரையில் உரசுவதால்தான் சக்கரமே சுற்றுகிறது. பயிரை அது தூக்குவதில்லை, தரையோடு உருட்டிக்கொண்டு போகிறது. உருளும் பயிர் கயிறு திரித்தது போல முறுக்கிக்கொள்ளும்; வழியில் கிடக்கும் மண்ணையும் கல்லையும் பழைய அறுப்பின் மட்கிய தாளையும் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். மெர்ஜரின் தலையில் சுழலும் விரல்கள் பயிரை அடியில் இருந்து மேலே தூக்கி, பின்னால் பக்கவாட்டில் ஓடும் ஒரு பட்டையின் மேல் போடுகின்றன. பட்டை அதைச் சுமந்து சென்று ஓரத்தில் இறக்கிவைக்கிறது. பெரும்பாலான கற்கள் கிடந்த இடத்திலேயே கிடக்கும், ஏனென்றால் அவற்றைத் தள்ளிக்கொண்டு போக எதுவும் இல்லை.

தானே ஓடும் வண்டியின் அருமை அதன் முன்னால் இருக்கிறது. மூன்று தலைகளும் ஓட்டுநரின் கண்ணுக்கு எதிரே நிற்பதால், சக்கரம் பயிரை மிதிப்பதற்கு முன்பே பயிர் தரையை விட்டுக் கிளம்பிவிடும். இழுவை மெர்ஜரில் நாள் முழுவதும் கழுத்தைத் திருப்பியபடி ஓட்ட வேண்டும். மூன்று பட்டைகளும் இடமோ வலமோ எப்பக்கம் வேண்டுமானாலும் ஓடும் என்பதால், போகும்போது வலப்புறம் இறக்கிவிட்டு, திரும்பி வரும்போது அதன் பக்கத்திலேயே இறக்கினால், 30 அடித் தலைகளைக் கொண்டு 60 அடி அகலத்துப் பயிரை ஒரே வரிசைக்குக் கொண்டுவந்துவிடலாம். பயிர் கனத்திருக்கும் முதல் அறுப்பில் 30 அடி போதும். மூன்றாம், நான்காம் அறுப்பில் பயிர் மெலிந்திருக்கும்போது 60 அடி சேர்த்தால்தான் 600 குதிரைத்திறன் சாப்பருக்குப் பசி தீரும். இல்லாவிட்டால் அது வெறும் வயிற்றோடு டீசலைக் குடித்துக்கொண்டு ஓடும்.

இதை எல்லாம் சொன்னாலும், 700 ஏக்கருக்கு நான் வாங்க மாட்டேன். காரணத்தைக் கணக்காகவே எழுதுகிறேன், சற்று நேரம் கொடுங்கள்.

தீவனக்கணக்கு:

நான் மாட்டுத் தீவனத் துறையில் இருக்கிறேன். இயந்திரத்தைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை; சாம்பலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

குதிரைமசாலின் உடம்பிலேயே உள்ள சுண்ணாம்பு, பொட்டாசியம் போன்ற தாதுக்களால் சாம்பல் அளவு ஏறக்குறைய 8 விழுக்காடு இருக்கும். அதற்கு மேலே வருவதில் பெரும்பகுதி வயலின் மண். உங்கள் 12 விழுக்காட்டில் 4 விழுக்காடு மண் என்று வையுங்கள். ஒரு மாடு நாளுக்கு 5 கிலோ உலர்பொருள் அளவுக்கு ஹேலேஜ் தின்றால், அதில் 200 கிராம் மண். 1,400 மாட்டுக்கு 280 கிலோ. ஆண்டுக்கு 100 டன்னுக்கு மேல். நீங்கள் அறுத்து, நறுக்கி, ஏற்றி, மிதித்து, மூடி, மறுபடி தோண்டி எடுத்து மாட்டுக்குப் போடும் மண் இது. அதற்கு ஆற்றல் மதிப்பு ஏதும் இல்லை. அதோடு மண்ணில் வரும் கிளாஸ்ட்ரிடியா நுண்ணுயிரிகள், ஈரம் மிகுந்த ஹேலேஜில் பியூட்ரிக் அமிலத்தை உண்டாக்கிவிட்டால், அந்த நாற்றத்துக்கே மாடு தீவனத்தில் வாய் வைக்கத் தயங்கும்.

சக்கர ரேக்கில் சாம்பல் மிகுதியாகவும் மெர்ஜரில் குறைவாகவும் வரும் என்பது விஸ்கான்சின் பல்கலைக்கழக விரிவாக்கத் துறையினர் நெடுநாளாகச் சொல்லிவருவதுதான். ஆனாலும் எல்லாப் பழியையும் ரேக்கின் தலையில் போட்டுவிடாதீர்கள். உங்கள் அறுப்பு இயந்திரத்தின் தட்டுகளில் எவ்வகைக் கத்தி இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். முறுக்கிய கத்திகள் சாய்ந்த பயிரை உறிஞ்சித் தூக்குவதற்காக அமைந்தவை. அந்த உறிஞ்சலில் காய்ந்த மண்ணும் சேர்ந்து எழும். நிமிர்ந்து நிற்கும் குதிரைமசாலுக்குத் தட்டைக் கத்தியே போதும். அறுக்கும் உயரத்தையும் 3 அங்குலத்துக்குக் குறைக்காதீர்கள். அடித்தாள் அந்த உயரத்தில் நின்றால்தான் பரப்பிய பயிர் தரையைத் தொடாமல் அதன் மேல் படுத்திருக்கும். மெர்ஜரின் விரல்கள் நுழைவதற்கும் இடம் கிடைக்கும். ஒட்ட அறுத்த வயலில் எவ்வளவு விலையுயர்ந்த மெர்ஜரை விட்டாலும் அது மண்ணைத்தான் கிளறும்.

பவானிக்கரை:

இடையில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஈரோடு பக்கம் மாடு வளர்க்கிறேன். எங்களுக்கு வைக்கோல் டெல்டாவில் இருந்து கட்டுக்கட்டாக லாரியில் வருகிறது. அந்த வைக்கோலைச் சேர்ப்பதற்கு இப்படிப்பட்ட வண்டி ஏதேனும் பயன்படுமா?

வண்டித்தடம்:

பவானிக்கரை அவர்களுக்கு: நெல் அறுவடை இயந்திரம் வைக்கோலைத் தன் பின்னாலேயே ஒரு வரிசையாகப் போட்டுவிடுகிறது, கட்டும் இயந்திரம் அந்த வரிசையை நேராகவே எடுத்துக்கொள்ளும். வரப்புக்கு வரப்பு திரும்ப வேண்டிய சிறு வயலில் 30 அடித் தலைக்கு வேலை இல்லை.

இனி ஏரிக்கரை அவர்களின் கணக்கு. மெர்ஜர் மணிக்கு 13 கிலோமீட்டர் வேகத்தில், 9 மீட்டர் அகலத்தில் போகிறது என்று கொள்ளுங்கள். வேகத்தை அகலத்தால் பெருக்கிப் பத்தால் வகுத்தால் மணிக்கு 11.7 ஹெக்டேர். திரும்புவது, ஓரம் பார்ப்பது, நின்று பேசுவது எல்லாம் போக 80 விழுக்காடு என்றால் 9.4 ஹெக்டேர், அதாவது 23 ஏக்கர். 700 ஏக்கருக்கு 30 மணி நேரம். நான்கு அறுப்புக்கும் சேர்த்து ஆண்டுக்கு 120 மணி நேரம். மீதி நாள் எல்லாம் அந்த எஞ்சினும் ஹைட்ராலிக் பம்புகளும் கேபினும் கொட்டகையில் தூங்கும். இழுவை மெர்ஜரில் எஞ்சின் என்பது டிராக்டருடையது. மெர்ஜரைக் கழற்றிவிட்டால் அதே டிராக்டர் வேறு வேலைக்குப் போய்விடும்.

"டிராக்டர் எல்லாம் பங்கரில் மிதித்துக்கொண்டிருக்கும்போது மெர்ஜரை எதைக் கொண்டு இழுப்பது" என்று முதலாளி கேட்பார். அது நியாயமான கேள்வி. தானே ஓடும் வண்டிக்கு உள்ள ஒரே வலுவான வாதமும் அதுதான். ஆனால் அதே கேள்வி மறுபக்கமும் வெட்டும். நான்காம் அறுப்பில் ஏக்கருக்கு 1 டன் உலர்பொருள்; பயிரில் உலர்பொருள் 35 விழுக்காடு (ஈரம் 65) இருக்கும்போது நறுக்கினால் 2.86 டன் பச்சை எடை. 30 அடி வரிசையில் சாப்பர் மணிக்கு 8 கிலோமீட்டர் ஓடினால், 80 விழுக்காடு வேலை நேரத்தில் மணிக்கு 41 டன் வரும். 60 அடி சேர்த்துவிட்டால் 83 டன். பங்கரில் மணிக்கு வந்து விழும் ஒவ்வொரு டன்னுக்கும் 400 கிலோ எடை அதை மிதித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது இங்கே எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. 83 டன்னுக்கு 33 டன் எடையுள்ள டிராக்டர்கள் வேண்டும். உங்களிடம் அவ்வளவு எடை இருக்கிறதா? இல்லை என்றால், மெர்ஜர் வயலில் மிச்சப்படுத்திய நேரத்தைப் பங்கரில் காற்றாக அடைத்துவைத்து, பிறகு பூஞ்சையாகத் தோண்டி எடுப்பீர்கள்.

பழைய வண்டியைப் பார்க்கப் போனால் எஞ்சின் மணி நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். பட்டைகளின் ஓரம் நைந்திருக்கிறதா, தலைக்கு அடியில் தரையில் உரசும் எஃகுச் செருப்புகள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று படுத்துப் பார்க்க வேண்டும். விரல்களை ஒன்று விடாமல் எண்ண வேண்டும். இந்தக் கடைசி வேலையை நான் பகலுணவு நேரத்தில் நாள்தோறும் செய்வேன். முறிந்த விரல் ஒன்று வரிசைக்குள் விழுந்தால், சாப்பர் அதைக் கண்டுபிடித்து நின்றுவிட்டால் நல்லது. தப்பித்து மாட்டின் வயிற்றுக்குள் போனால் வலை இரைப்பையைக் குத்தும். அதற்காகத்தான் இங்கே மாட்டுக்குக் காந்தத்தை விழுங்கக் கொடுக்கிறார்கள்.

ஏரிக்கரை:

மிகவும் நன்றி. மிதிப்பதற்கு எங்களிடம் இரண்டு டிராக்டர்கள். எடைக்கட்டிகளோடு சேர்த்து 27 டன் வரும். ஆக, வாங்குவதற்கு முன்பே பதில் கிடைத்துவிட்டது போலிருக்கிறது. இரண்டு ஐயங்கள் மட்டும். சாப்பருக்கு எவ்வளவு முன்னால் மெர்ஜர் போக வேண்டும்? காய்ந்த புல்லாகக் கட்டும் 60 ஏக்கருக்கும் இதையே பயன்படுத்தலாமா?

வண்டித்தடம்:

ஒரு மணி நேரம் முன்னால் போனால் போதும். காலையிலேயே எல்லா வயலையும் கூட்டிவைத்துவிடலாம் என்று தோன்றும், செய்யாதீர்கள். பயிர் உலர்வது வெயில் படும் பரப்பினால். அறுத்த பிறகும் சிறிது நேரம் இலைத்துளைகள் வெளிச்சத்தில் திறந்திருந்து ஈரத்தை விடுகின்றன என்பதற்காகத்தான் அகலப் பரப்புகிறோம். கூட்டிவிட்டால் உலர்வது ஏறக்குறைய நின்றுவிடும். கூட்டிய வரிசையின் மேல் மழை விழுந்தால், உள்ளே புகுந்த நீர் வெளியேற இரண்டு நாள் ஆகும். சாப்பர் நின்றால் நானும் நிற்பேன். வரிசையின் அகலம் சாப்பரின் வாயை விடச் சற்றுக் குறைவாகவும், இரு ஓரமும் ஒரே கனமாகவும் இருக்க வேண்டும். ஒரு பக்கம் கனத்தால் நறுக்கு நீளம் சீராக வராது. மூலையில் திரும்பும்போது குவியல் போட்டால் சாப்பர் அங்கே அடைத்துக்கொள்ளும், ஓட்டுநர் இறங்கிவந்து உங்களைத்தான் பார்ப்பார்.

காய்ந்த புல்லுக்கும் பயன்படுத்தலாம். ஆனால் ஈரம் 35 முதல் 40 விழுக்காட்டில் இருக்கும்போதே கூட்டிவிட வேண்டும். அல்லது விடியற்காலைப் பனி இலையில் இருக்கும்போது கூட்ட வேண்டும். நண்பகலில், தொட்டால் நொறுங்கும் நிலையில் விரல்களை விட்டால் இலை உதிர்ந்துவிடும்.

தீவனக்கணக்கு:

அப்படி உதிர்வது சாதாரண நட்டம் அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குதிரைமசாலின் புரதத்தில் மூன்றில் இரண்டு பங்கு இலையில் இருக்கிறது. தண்டை மட்டும் கட்டி அடுக்குவதற்கு இத்தனை செலவு தேவையில்லை.

ஏரிக்கரை:

முதலாளியிடம் பேசிவிட்டேன். பழைய வண்டியை இப்போதைக்கு விட்டுவிடுகிறோம். மூன்றாம் அறுப்புக்கு, ஏக்கர் கணக்கில் வாடகைக்கு வரும் ஒருவரின் தானே ஓடும் மெர்ஜரைப் பாதி வயலில் ஓட்டச் சொல்லியிருக்கிறேன். மறுபாதியில் எங்கள் பழைய சக்கர ரேக்குகளே ஓடும். இரண்டு பாதிக்கும் தனித்தனியாக மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவேன். 27 டன் மிதிக்கும் எடைக்கு ஏற்ப, 60 அடி சேர்க்கும் இடங்களில் சாப்பரின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளவும் சொல்லிவிட்டேன். இன்று பிற்பகல் அறுப்பு இயந்திரத்தின் அடியில் குனிந்து பார்த்தேன். எல்லாத் தட்டிலும் முறுக்கிய கத்திகள்தான் இருக்கின்றன. தட்டைக் கத்திகளுக்குச் சொல்லியாகிவிட்டது. சாம்பல் அறிக்கை வந்ததும் இங்கேயே எண்களைப் பதிகிறேன்.