மூளை ரத்தக்குழாய்க்குப் புதுவகை எம்.ஆர்.ஐ: போய் வந்தவர்கள் சொல்வது

உசிலம்பட்டிப் பக்கம்:
அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, ரொம்ப வருசமாகப் பிரஷர். நடை தேய்ந்து, சொன்னதையே திரும்பச் சொல்ல ஆரம்பித்தார். மதுரையில் எம்.ஆர்.ஐ எடுத்ததில் பெரிய குழாய்களில் அடைப்பில்லை, நுண்ணிய குழாய்கள்தான் பழுது என்றார்கள். புது ஸ்கேன் முறையைச் சோதிக்கும் ஆய்வுக்கு வர்றீங்களா என்றும் கேட்டார்கள். இதனால் உங்கள் வைத்தியம் மாறாமலும் போகலாம் என்று படிவத்தில் தமிழிலேயே இருந்தது. "நமக்கு ஆகாட்டாலும் பின்னால வர்றவங்களுக்கு ஆகும்ல" என்று அப்பா கையெழுத்துப் போட்டார்.

இடுப்பில் வெள்ளி அரைஞாண், கையில் தாயத்து. தாயத்தைக் கழற்ற அவருக்கு மனசே வரவில்லை. ஸ்கேன் எடுக்கும் தம்பி அவசரப்படுத்தவில்லை. "உள்ள பெரிய காந்தம் இருக்கு ஐயா, மகன் கையிலயே இருக்கட்டும்" என்று துணியில் முடிந்து என்னிடம் கொடுத்தார்.

ஒரு ஸ்கேனில் ஊசியே கிடையாது. கழுத்தில் ஏறும் ரத்தத்திலுள்ள தண்ணீரைக் காந்தத்தாலேயே குறிபோட்டு, மூளையில் எந்த இடத்துக்கு எவ்வளவு போகிறது என்று பார்க்கிறார்கள். குறிபோட்டதற்கும் போடாததற்கும் வித்தியாசம் 1 சதவீதம் அளவுதான். அதனால் திரும்பத் திரும்ப எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும்; தலை அசைந்தால் படம் கெட்டுவிடும்.

அடுத்து மாஸ்க் மாட்டி, கரியமில வாயு கொஞ்சம் கூடுதலாகக் கலந்த காற்றை விட்டார்கள். நல்ல குழாய் அதற்கு விரிந்து கொடுக்கும், பழுதான குழாய் அவ்வளவு விரியாது. அப்பாவுக்கு மூச்சு வாங்கியது, கையிலிருந்த ரப்பர் பந்தை அழுத்தினார், உடனே நிறுத்தினார்கள். இப்படி மூச்சு வாங்கும் என்பதை முன்னாடியே விளக்கமாகச் சொல்லணும். பெரியவர்கள் பயந்துவிடுகிறார்கள்.

மேலூர்:
என் தங்கச்சிக்கு முப்பது வயசுக்குமேல்தான், அதற்குள் பக்கவாதம். முதலில் எடுத்த இடத்தில் "குழாய் சுருக்கம்" என்று மட்டும் ரிப்போர்ட். சாதாரண ஆஞ்சியோ படம் ரத்தம் ஓடும் பாதையைத்தான் காட்டும். ரத்தத்தைக் கறுப்பாக்கிக் குழாயின் சுவரையே காட்டும் ஸ்கேனை வேறு டாக்டர் எழுதிக் கொடுத்தார். சுவர் ஒரு பக்கமாகத் தடித்தால் பெரும்பாலும் கொழுப்புப் படிவு. சுற்றிலும் தடித்து, படம் தெளிவாகத் தெரியப் போடும் ஊசி மருந்துக்குப் பின் வளையமாகப் பளிச்சிட்டால், குழாய்ச் சுவரில் அழற்சி (வீக்கம்) என்று சந்தேகிப்பார்களாம். அவளுக்கு வளையம். முதுகுத்தண்டு நீரையும் சோதித்த பிறகே அழற்சியைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்தைத் தொடங்கினார்கள். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு என்பதால்தான் இந்த ஸ்கேனைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன்.

மதுரை, ஸ்கேன் சென்டரில் வேலை:
மூளையில் நுண்ணிய ரத்தக்கசிவு இருந்தால், அது விட்டுப்போன இரும்புச்சத்து ஒருவகை எம்.ஆர்.ஐ-யில் கரும்புள்ளியாகத் தெரியும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுப்பதா என்று யோசிக்கும்போது டாக்டர்கள் அதையும் பார்ப்பார்கள். அதனால் சாப்பிடுகிற மாத்திரைச் சீட்டைக் கண்டிப்பாகக் கொண்டு வாங்க. பேஸ்மேக்கர், மூளையில் போட்ட கிளிப் இருந்தால் அந்த ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரியும் வேணும். கிட்னித் தொந்தரவு இருந்தால் ஸ்கேனுக்கான ஊசி மருந்து போடும் முன்பே சொல்லிடுங்க.