கோழி இறகை பிளாஸ்டிக்ல கலந்து நர்சரி தொட்டி போடலாமா?

பல்லடம்_மோல்டர்:
வணக்கம்ங்க. சின்னதா ஒரு இன்ஜெக்‌ஷன் மோல்டிங் யூனிட் (பிளாஸ்டிக்கை உருக்கி அச்சுல அடிக்கறது) வச்சிருக்கேன், பிபி-ல (பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்) நர்சரி தொட்டி, கப்பு எல்லாம் ஓட்டறோம். நம்ம ஏரியால கறிக்கோழி எவ்வளவுன்னு எல்லாருக்கும் தெரியும், இறகை மூட்டை மூட்டையா கொண்டுவந்து குளத்தோரமா கொட்டிட்டு போயிடறாங்க, ஒரு மழை பேஞ்சா அந்தப் பக்கம் மூச்சு விட முடியல. இறகு புரதம்தான, அரைச்சு பிபி கூட போட்டு ஓட்டுனா மக்கற தொட்டி ஆயிடும்னு மச்சான் சொல்றார். நிஜமா? எங்க மெஷின்லயே ஓடுமா? செய்யணும்னு ரொம்ப ஆசை, விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாலிமர்_செல்வி:
அண்ணா, பிபி கூட கலந்தா மக்காது. மண்ணுல இருக்கற கிருமி இறகை மட்டும் தின்னுட்டுப் போயிடும், பிபி தூள்தூளா உடைஞ்சு அங்கேயே கிடக்கும். அந்த ஸ்க்ராப்பை ரீசைக்கிள் பண்றவங்களும் வாங்க மாட்டாங்க, அதுக்கு இப்ப நீங்க போடற சுத்தமான பிபி தொட்டியே எவ்வளவோ மேல். புரதத்தை எதுல வேணாலும் கலக்கலாம், ஆனா கூட சேர்க்கற பிளாஸ்டிக்கும் மக்கறதா இருந்தாதான் மொத்தப் பொருளும் மக்கும்.

இறகுல சுமார் 90% கெரட்டின், நம்ம முடி, நகத்துல இருக்கற அதே வகைப் புரதம். அதோட சங்கிலிகளை கந்தகம் குறுக்க குறுக்க கட்டி வச்சிருக்கு, அதனால சூடாக்குனா உருகாது, 200 டிகிரிக்கு மேல போனா கருக ஆரம்பிச்சு, பிளாஸ்டிக் உருகற பேரல் பூரா முடி பொசுங்கற நாத்தம்தான் வரும். பிபி-யை நீங்க 200, 230னு ஓட்டுவீங்க, அங்கயே சிக்கல். அதுக்கு பதிலா பிபிஏடி-ங்கற பிளாஸ்டிக் நல்லா குறைஞ்ச சூட்டுலயே ஓடும், செயற்கை பாலிமர்தான் ஆனா மக்கும். பிஎல்ஏ-ங்கற இன்னொரு பிளாஸ்டிக்கும் மக்கும், ஆனா அதுக்கு 58, 60 டிகிரி சூடு இருக்கற பெரிய கம்போஸ்ட் ஆலை வேணும், தோட்டத்து மண்ணுல போட்டா லேசுல கரையாது. இறகுல ஈரம் கொஞ்சம் தங்குனாலும் உருகற நேரத்துல பிஎல்ஏ சங்கிலி அறுந்து, தொட்டி கை வச்சாலே நொறுங்கற மாதிரி வரும், மேல வெள்ளி வெள்ளியா கோடு ஓடும். அதனால டிரையர் இல்லாம தொடாதீங்க.

பழைய_கெமிஸ்ட்:
செல்வி சொன்னது சரி. இன்னொரு வழியும் இருக்கு, சும்மா கலக்காம புரதத்து மேலயே பாலிமரை ஒட்ட வைக்கறது. அமெரிக்காவுல நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துல யிச்சி யாங் குழு இறகு கெரட்டின்ல மெத்தில் அக்ரிலேட்ங்கற ரசாயனத்தை ஒட்டி, உருகி ஷீட்டா வர்ற பிளாஸ்டிக்கா மாத்துனாங்க, 2011-ல அமெரிக்க ரசாயனக் கழகக் கூட்டத்துல சொன்னாங்க, தண்ணி பட்டாலும் தாங்குச்சு. ஆனா அது லேப் வேலை, நம்ம ஷெட்ல ஆகாது.

கடைக்கே வந்த உதாரணம்னா பிளைவுட் பசை. அமெரிக்காவுல ஓரிகன் மாநிலத்துல கைச்சாங் லீங்கற ஆராய்ச்சியாளர், கடல்ல பாறையைப் பிடிச்சிருக்கற மட்டி எப்படி ஒட்டுதுன்னு பார்த்து, சோயா மாவோட பேப்பர் மில்லுல ஈரம் தாங்கறதுக்குப் போடற செயற்கை ரெசினை சேர்த்தார். ஃபார்மால்டிஹைடு பசையே வேண்டாம்னு கொலம்பியா ஃபாரஸ்ட் புராடக்ட்ஸ்ங்கற கம்பெனி அதை பிளைவுட்ல இறக்குச்சு, 2007-ல அமெரிக்க அரசோட பசுமை வேதியியல் விருதும் கிடைச்சது. மாவு மட்டும்னா ஈரத்துல விட்டுடும், ரெசின் வந்து புரதத்தை குறுக்க கட்டுனப்புறம்தான் நின்னுச்சு. எனக்கு இந்தத் துறையிலயே ரொம்பப் பிடிச்ச வேலை இது.

பல்லடம்_மோல்டர்:
ரெண்டு பேருக்கும் நன்றிங்க. அப்ப பிபிஏடி-ன்னு வச்சுக்கறேன். இறகை அரைச்சு நேரா ஹாப்பர்ல (மெஷினுக்கு மேல மூலப்பொருள் கொட்டற தொட்டி) போட்டுடலாமா, இல்ல தீவனத்துக்கு விக்கற இறகுத்தூளை வாங்கிக்கலாமா?

இறகு_வேலை:
தீவனத்தூள் வேண்டாம் அண்ணா, அதை பிரஷர்ல வேக வச்சு புரதத்தை உடைச்சிருப்பாங்க, நார் பலம் போயிருக்கும். வெட்டுன அன்னிக்கே இறகு வாங்குங்க, ரத்தமும் கொழுப்பும் காயறதுக்குள்ள சோப்புத்தண்ணில அலசி நல்லா உலர்த்துங்க, ஒரு நாள் மூட்டையிலயே கிடந்துச்சுன்னா அப்புறம் எவ்வளவு கழுவுனாலும் அந்த வாடை தொட்டி வரைக்கும் வரும். நடுத்தண்டை எடுத்துட்டு பக்கத்து நாரை மட்டும் வச்சுக்கோங்க. நேரா ஹாப்பர்ல போட்டா இறங்கவே இறங்காது, பஞ்சு மாதிரி வாயிலயே அடைச்சு நிக்கும். ட்வின் ஸ்க்ரூ மெஷின் வச்சு பிளாஸ்டிக்கை உருக்கிக் கலந்து தர்ற காம்பவுண்டிங்காரங்ககிட்ட குடுத்து பிபிஏடி-யோட கிரானுல்ஸா அடிச்சு வாங்கி ஓட்டுங்க. பத்து பதினஞ்சு சதவீதத்துல ஆரம்பிங்க, கேட் (உருகுன பிளாஸ்டிக் அச்சுக்குள்ள போற வாய்) சின்னதா இருக்கற டை-ல நார் அடைக்கும், பெரிய கேட் தொட்டில முதல்ல பாருங்க. அமெரிக்க வேளாண் துறைல வால்டர் ஷ்மிட்ங்கறவர் இதே இறகுல நர்சரி தொட்டி செஞ்சு காட்டியிருக்கார், இறகு மக்கறப்ப அதுல இருக்கற நைட்ரஜன் கொஞ்சம் கொஞ்சமா செடிக்கே போகுதுங்கறதுதான் அதுல விசேஷம்.

பாலிமர்_செல்வி:
ஒண்ணு விட்டுப்போச்சு. கம்போஸ்டபிள்னு அச்சடிச்சு விக்கணும்னா மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட சான்று வேணும், அதுக்கு ஐஎஸ்/ஐஎஸ்ஓ 17088-ங்கற மக்கும் தன்மைத் தரத்தோட டெஸ்ட் பாஸ் ஆகணும். சென்னை கிண்டில இருக்கற சிப்பெட்ல (மத்திய அரசோட பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனம்) விசாரிங்க. டெஸ்டுக்கு மாசக்கணக்குல ஆகும், அதனால முதல் லாட் வந்ததும் நாலு தொட்டியை உங்க இடத்துலயே புதைச்சு வச்சு, அப்பப்ப தோண்டிப் பார்த்து போட்டோ போடுங்க அண்ணா.

பல்லடம்_மோல்டர்:
கண்டிப்பா. காம்பவுண்டிங்குக்கு கோயம்புத்தூர்ல ஒருத்தர்கிட்ட பேசிட்டேன், 25 கிலோவுக்குக் குறைஞ்சு அடிக்க மாட்டாராம். வேற யாராவது சின்ன லாட் அடிக்கறவங்க தெரிஞ்சா சொல்லுங்க.