பாதி நாள் வேலைக்குத் திரும்பினா கையில எவ்வளவு நிக்கும்? நாலு ஊர்ல இந்தக் கணக்கெல்லாம் பார்க்கிறவங்க சொல்றது இது.

திருப்பூர், பனியன் கம்பெனி சம்பளக் கணக்கு:

சம்பளம் பேசும்போதே ஒன்னைக் கேட்டுருங்க: சொல்ற தொகை கிராஸா (பிடித்தம் போறதுக்கு முந்தின சம்பளம்), சிடிசியா (கம்பெனி உங்களுக்காகச் செய்யற மொத்தச் செலவு)? கிராஸ் 18,000, அதுல பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 10,000னு வைங்க. பேசிக்ல பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம் 1,200, கிராஸ்ல இ.எஸ்.ஐ. (தொழிலாளர் வைத்தியக் காப்பீடு) 0.75 சதவீதம் 135. கைக்கு 16,665 வரும். அதே 18,000 சிடிசின்னா, கம்பெனி கட்டுற பி.எஃப். 1,200, இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம் எல்லாம் அதுக்குள்ளேயே அடங்கிரும். கைக்கு வர்றது 15,000-க்குக் கொஞ்சம் கீழதான். மெர்ச்சன்டைசர் (ஆர்டரைப் பார்த்துக்கிறவங்க) வேலைக்குத் திரும்புறவங்க முதல் மாசச் சம்பளச் சீட்டோட அக்கவுன்ட்ஸ்ல வந்து நிக்கிறது பெரும்பாலும் இதுக்குத்தானுங்க.

முன்னாடி முழுநேரத்துல 30,000 வாங்கினப்போ இ.எஸ்.ஐ. பிடிச்சிருக்க மாட்டாங்க. 21,000-க்குள்ள இறங்கினா பிடிப்பாங்க. இதுக்குச் சண்டை போட வேண்டாம். அந்த 135 ரூபாய்க்கு வீட்டுல இருக்கறவங்களுக்கும் சேர்த்து கோயமுத்தூர் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி வரைக்கும் வைத்தியம் இருக்கு. தொழில் வரி அரையாண்டுக்கு ஒருக்கா. செப்டம்பர், மார்ச் ஒட்டி 1,250 வரைக்கும் குறைஞ்சு வந்தா அதுதான்.

கோயமுத்தூர், ஐ.டி. கம்பெனி பேரோல்:

பெரிய சம்பளக்காரங்களுக்கு இடிக்கிறது டி.டி.எஸ்.ல (சம்பளத்துலயே முன்கூட்டிப் பிடிக்கிற வருமான வரி). பிரசவ லீவு 26 வாரம் முழுச் சம்பளத்தோட முடிஞ்சு, அக்டோபர்ல பாதி நேரத்துக்கு வர்றாங்கன்னு வைங்க. மாசம் 1,60,000, இனிமே 80,000. 2025–26 புதிய வரி முறையில, வருஷம் முழுக்க 19,20,000 வரும்னு நினைச்சு கம்பெனி வரி போட்டிருக்கும். நிலையான கழிவு 75,000 போக, செஸ்ஸோட (வரி மேல போடுற கூடுதல் வரி) சேர்த்து வரி 1,75,760. ஏப்ரல்–செப்டம்பர்ல அதுல பாதி, 87,880 பிடிச்சாச்சு.

ஆனா உண்மையான வருஷ வருமானம் 14,40,000தான். அதுக்கு வரி 88,140. ஆக, மீதி ஆறு மாசத்துக்கும் சேர்த்துப் பிடிக்க வேண்டியது வெறும் 260 ரூபாய்! "பாதிச் சம்பளம், பாதி டி.டி.எஸ்."னு கண்ணை மூடிட்டு மாசம் 7,323 பிடிச்சா, கிட்டத்தட்ட 44,000 ரீஃபண்டுக்குப் போய் மாட்டிக்கும். சம்பளம் மாறின மாசமே வருஷக் கணக்கை மறுபடி போடச் சொல்லி மெயில் அனுப்பிருங்க. மார்ச்ல கேட்டா அதுக்குள்ள பிடிச்சதைக் கவர்ன்மெண்ட்டுக்குக் கட்டியிருப்பாங்க.

ஈரோடு, ஆடிட்டர் ஆபீஸ்:

"பி.எஃப். எல்லாம் எதுக்குங்க, கன்சல்டன்ட் ஃபீஸா வாங்கிக்கங்க"ன்னு சில கம்பெனிக்காரங்க ஆரம்பிப்பாங்க. 18,000-ல 10 சதவீத டி.டி.எஸ். போக 16,200 வரும். வருஷத்துக்கு 2,16,000; வேற வருமானம் இல்லைன்னா வரியே கிடையாது, ரிட்டர்ன் போட்டா 21,600 திரும்ப வந்துரும். ஆனா ஐ.டி.ஆர். 1 (சம்பளக்காரங்க போடுற ரிட்டர்ன் ஃபார்ம்) போடக் கூடாது, இது சம்பளம் இல்லை. 75,000 கழிவும் இதுக்குக் கிடையாது. கம்பெனி பங்கு பி.எஃப். மாசம் 1,200 போச்சு, இ.எஸ்.ஐ. போச்சு. பத்து மணிக்கு விரல் வெச்சு மூணு மணிக்கு விரல் எடுக்கணும்னா அது வேலைதானுங்க, ஃபீஸ்னு பேர் வெச்சா மாறிடாது.

கரூர், எச்.ஆர்.:

பழைய யு.ஏ.என். (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். நம்பர்) இருந்தா, வேலைல சேரும்போது கொடுக்கிற பி.எஃப். ஃபார்ம் 11-ல அதையே எழுதுங்க. புதுசு வாங்கினா ரெண்டையும் ஒன்னு சேர்க்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிரும். ஆதார்ல பேர் விரிச்சு இருக்கும், பி.எஃப்.ல இனிஷியலோட இருக்கும், டிரான்ஸ்ஃபர் பெரும்பாலும் அங்கதான் நிக்கும். பழைய கம்பெனி வெளியேறின தேதி போடலைன்னா, கடைசியா பணம் கட்டி ரெண்டு மாசம் ஆன பின்னாடி நாமளே ஆதார் ஓ.டி.பி. வெச்சுப் போட்டுக்கலாம். பி.எஃப். பணத்தை அவசரப்பட்டு எடுத்துராதீங்க. மொத்த சர்வீஸ் அஞ்சு வருஷம் ஆகலைன்னா அது வரிக்கு உட்பட்ட பணம். 50,000-க்கு மேல போனா 10 சதவீதம் பிடிச்சுட்டுத்தான் தருவாங்க. டிரான்ஸ்ஃபர் பண்ணினா பழைய சர்வீஸும் அந்த அஞ்சு வருஷக் கணக்குல சேர்ந்துரும்.